அடுப்புச் சாம்பலின் பச்சை

தாய்லாந்து போய்வந்த மருமகள் நேற்று ஒரு பச்சைக் கிண்ணத்தில் ரசம் ஊற்றிக் கொடுத்தாள். கண்ணாடி போன்ற மேல்பூச்சுக்குள் வலைபோல மெல்லிய கீறல்கள். "அழகா இருக்குல்ல மாமா?" என்றாள். அழகுதான். ரசத்தை ஆறவிட்டுக் கிண்ணத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பீங்கான் கொட்டகையில் நான் மேற்பார்வையாளன். பெயர்தான் பெரிது, பூச்சு கலக்கும் வாளியும் சல்லடையும்தான் எனக்குக் கீழே. முதலாளி பாங்காக்கிலிருந்து இதேபோல் ஒரு பழைய கிண்ணம் கொண்டுவந்தார். மரச்சாம்பல் கலந்து பூசிச் சுடுவது அங்கே வழக்கமாம். அந்தப் பச்சையில் புதுமோஸ்தர் மேசை விளக்குகள் செய்ய அவருக்கு ஆசை. நாங்களும் சவுக்குச் சாம்பல், உமிச் சாம்பல் என்று போட்டுப் பார்த்தோம். பாத்திரம் கழுவின தண்ணீர் நிறம்தான் வந்தது.

சாம்பல் சலிக்க வந்த தனம் பழவேற்காடு ஏரிக்கரைக்காரி, புருஷனுக்கு மீன்பிடி. ஒருநாள் சாம்பல் போதாமல், தானே ஒரு கூடை கொண்டுவந்தாள்.

"எங்க ஊட்டு அடுப்புச் சாம்பலு சார். ஒடஞ்ச படகுப் பலகைய எரிச்சது. பரவால்லியா?"

"சாம்பல்ல இன்னாம்மா ஒசத்தி? கொட்டு."

சூளையைப் பிரித்தால் வாழைக்குருத்துப் பச்சை! உப்பில் ஊறிய பலகையும் துருப்பிடித்த ஆணியும் செய்த வேலை என்று பிறகு யூகித்தோம். முதலாளி என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விளக்குகளுக்கு ஆர்டர் வந்தது. "அந்தச் சாம்பல்தான் வேணும் தனம். இல்லாட்டி ஷெட்டையே மூடிடுவாங்க, ஒனக்கும் வேல இருக்காது" என்றேன். அவளும் கூடை கூடையாகக் கொண்டுவந்தாள். இவ்வளவு உடைந்த பலகை ஏது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

பிறகு ஒருநாள் அவள் புருஷன் வேலை கேட்டு வந்து நின்றார்.

"ஏரிக்குப் போகலியா?"

"எதுல போறது சார்? படகுல ஒரு ஓட்டதான். அடச்சிருந்தா ஓடியிருக்கும். வேல பூடும்னு அழுதுகினே இவ கேட்டா. நாந்தான் பிரிச்சிக் குடுத்தேன்."

தனம் சல்லடையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. சூளைக்கு விறகு தூக்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். பெரிய உபகாரம், போங்கள்.

படகு தீர்ந்தது, பச்சையும் தீர்ந்தது. அடுத்த மழைக்குள் கொட்டகையையும் மூடிவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் ஏதோ கிடங்கு. எனக்கு வேறு வேலை கிடைத்தது. தனமும் அவள் புருஷனும் எங்கே போனார்களோ தெரியாது. ஏரிக்குத் திரும்ப அவர்களிடம் ஒரு பலகைகூட மிச்சமில்லை.