சாரம் அவிழாத வீடு

கொடைக்கானலுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத சங்கதி ஒன்று இருந்தது. நாயுடுபுரத்தில் ஆட்கள் குடியிருக்கிற வீட்டைச் சுற்றியே சாரம் கட்டி நிற்கும். உள்ளே அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன, சாரக் கம்பில் கம்பளி காய்கிறது. கொத்தனாரை மட்டும் காணோம். வெள்ளையடிக்க ஆள் வரும் போலிருக்கிறது என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று, ஒருவரும் வரவில்லை. காய்கறிக்கடை அம்மாளிடம் கேட்டதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது வேலைக்கு நிக்கிற சாரம் இல்லைங்க டீச்சரம்மா. துட்டுக்கு நிக்குது. கணக்குத் தீந்தாத்தான் அவுப்பாக."

இதுதான் இந்த மலையின் வழக்கம். கூலிபாக்கி வைத்த வீட்டுக்காரரோடு மேஸ்திரி சண்டைக்குப் போகமாட்டார். கீழே திண்டுக்கல்லுக்கு இறங்கிக் கோர்ட்டுப் படி ஏறவும் மாட்டார். சாரத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சோலிக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற ஊர்சனம் முழுவதும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டாலும் சாரம் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும்.

சிலோனில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாகப் படும். நமக்கு அங்கே ஏது இந்தப் பஞ்சாயத்தெல்லாம்? கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். அரைநாள் கூலி போனது போனதுதான், மேல்பேச்சு கிடையாது. அநியாயம்தான், ஆனால் சுருக்கமான அநியாயம். இங்கே வேலை நின்றுபோனால் பேச்சு ஆறு மாதம் நடக்கும், ஆளுக்கு ஒரு கூடை நியாயம் கொண்டுவருவார்கள், டீ குடித்துக் குடித்து எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

இந்தப் பஞ்சாயத்து வேலைக்குள் நான் எப்படி வந்து மாட்டினேன் என்று கேட்பீர்கள். கலவரத்துக்குப் பிறகு, தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் இருந்த அண்ணனை நம்பி நான் முன்னால் கப்பலேறினேன். என் வீட்டுக்காரர் தேயிலை பாக்டரியில் தமக்குச் சேரவேண்டியதை வாங்கிக்கொண்டு வருவதாகப் பின்தங்கினார். "குடியிருக்க ஒரு காம்பரா அமைஞ்சதும் எழுது, அடுத்த கப்பல்ல வந்துர்றேன்" என்றார். அண்ணன் வீட்டில் எத்தனை நாளைக்கு உட்கார்ந்து சாப்பிடுவது? தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன என் சர்டிபிகேட் இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். அதனால் சீசன் முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகிற பங்களாக்களின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பங்களாக்காரர் மதுரையில் இருப்பார், மேஸ்திரி வில்பட்டியில் இருப்பார், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படுவதற்கு நான் இருந்தேன்.

முதல் பஞ்சாயத்து ஒரு துரைசாணியுடையது. சமையலறைத் தளம் போடவில்லை என்று அவர் பணத்தை நிறுத்தினார், பணம் வரவில்லை என்று மேஸ்திரி கருப்பண்ணன் தளத்தை நிறுத்தினார். வழக்கப்படி சாரம் நின்றது. துரைசாணிக்கு அதன் அர்த்தம் எங்கே தெரியும்? கம்பு கம்பாகப் பூக்கொடியை ஏற்றிவிட்டு, மேஸ்திரியைப் பார்த்தபோது "வெரி நைஸ், தேங்க்யூ!" என்று கையைக் குலுக்கிவிட்டார். கருப்பண்ணன் என்னிடம் ஓடிவந்தார். "என்னங்க இது, நம்ம மானத்துல கொடி ஏத்திட்டாக! இந்தம்மா காசே தராது போலிருக்கே." நான் போய் விளக்கிச் சொன்னதும் அந்தம்மாள் முகம் சிவந்து அன்றைக்கே கொடுத்தார். அதிலிருந்து பேர் பரவியது. வீட்டுக்காரரையும் மேஸ்திரியையும் முதலில் சேர்த்து வைத்துப் பேசக்கூடாது, முடிந்த வேலையைப் பேசிவிட்டுத்தான் முடியாததைத் தொடவேண்டும், எவ்வளவு என்கிற பேச்சைக் கடைசி டீக்கு வைத்துக்கொள்ளவேண்டும். இவ்வளவுதான் என் வித்தை. இதற்கே 'சிலோன்காரம்மா சொன்னா சரியா இருக்கும்' என்றார்கள். நல்ல பேர்தான். அதை வைத்து ஒரு படி அரிசி வாங்க முடியாது.

இப்போது நான் சொல்லவந்தது ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டைப் பற்றி. மதுரைக்காரர், தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். நாயுடுபுரத்தில் மேட்டுமேல் சீசனுக்காக வீடு கட்டினார். கட்டியவர் அதே கருப்பண்ணன் மேஸ்திரி. பிளானில் பெரிய வீட்டுக்குப் பின்னால் ஓர் அவுட்ஹவுஸ் இருந்தது. காவல்காரிக்கு என்று முதலாளியே விரலை வைத்துக் காட்டினார். காவல்காரி நான்தான். அந்த வீடு எழும்பிய ஒரு வருஷமும் அங்கே ஸ்டோர் ரூமில் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே படுத்தேன். முதலாளி குடும்பம் பார்க்க வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு காய்கறிக்கடை அம்மாள் வீட்டுக்கு ஓடுவேன். எல்லாம் அந்த ஒரு காம்பராவுக்காக. மேஸ்திரியிடம் சொல்லி ஜன்னலைக் கிழக்கே மாற்றி வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு மூட்டுவலி, காலை வெயில் படட்டும் என்று. சுவர் எழும்பியதும் அவருக்கு எழுதிப்போட்டேன், புறப்பட ஆயத்தமாகுங்கள் என்று.

அங்கேதான் வேலை நின்றது. கணப்பு மூட்டினால் புகைபோக்கி வழியாகப் போகவேண்டிய புகை கூடத்துக்குள் வருகிறது, அதைச் சரிசெய்து எல்லாவற்றையும் முடித்தால்தான் கடைசித் தவணை என்றார் முதலாளி. கடைசித் தவணை வந்தால்தான் கல்லும் ஓடும் வாங்க முடியும் என்றார் மேஸ்திரி. பெரிய வீட்டைச் சுற்றிச் சாரம், கூரையில்லாத என் காம்பராவைச் சுற்றியும் சாரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முதலாளிக்கோ மகள் கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்தி வீட்டார் முன்னிலையில் பால் காய்ச்ச வேண்டும். சாரத்தோடு எப்படிப் பால் காய்ச்சுவது? காரை எடுத்துக்கொண்டு அவரே மலையேறி வந்துவிட்டார்.

நான் வழக்கம்போலத் தனித்தனியாகப் பேசி, புகைபோக்கியைக் கருப்பண்ணன் தம் செலவில் பிரித்துக் கட்டுவது என்று சம்மதிக்க வைத்தேன். அதற்கப்புறம் இருவரையும் ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அப்போதுதான் முதலாளி சொன்னார்.

"இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு? பின்னாடி கெடக்கே அந்த அவுட்ஹவுஸ், அதை விட்ருவோம். அதுக்கு உண்டானதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை இன்னைக்கே எண்ணி வச்சிர்றேன். என்ன மேஸ்திரி?"

கருப்பண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குச் சம்மதந்தாங்க மொதலாளி. தீவாளி வருது. ஆளுக வெள்ளனே வந்து வாசல்ல நிக்கிறானுக, என்ன சொல்லி அனுப்ப?"

"அப்புறம் என்ன! டீச்சர், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ரெண்டு பேருக்கும் சரி."

"அப்ப நான் எங்கைங்க ஐயா இருக்குறது?" என்றேன்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஏம்மா, இந்த ரூமு இருக்குல்ல? சீசனுக்கு நாங்க வர்ற ரெண்டு மாசம் மட்டும் எங்கிட்டாச்சும் பாத்துக்கங்க. பிளான்ல காட்டுனேன், அம்புட்டுத்தான். உங்களுக்குத் தர்றேன்னு நான் சொல்லலையே."

சொல்லவில்லைதான். நானும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. அங்கே பேர் பதிந்தால் லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா தானாக வரும். ஒழுகும், எலி ஓடும், ஆனால் அது உண்டா இல்லையா என்று கேட்டவர்கள் நம்மில் யார்? வேலை என்றால் கூரையும் சேர்த்துத்தான் என்று நினைத்து ஒரு வருஷம் காவல் கிடந்தேன். இந்த ஊரில் வேலை வேறு, கூரை வேறு. இரண்டையும் வாயைத் திறந்து தனித்தனியாகக் கேட்கவேண்டும். முட்டாள்தனம் என்பீர்கள். நீங்களும் வந்து பாருங்கள், இதையேதான் செய்வீர்கள்.

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு முறிந்திருக்கும். வாசலில் மழையில் முக்காடு போட்டுக்கொண்டு கருப்பண்ணனின் ஆட்கள் நின்றார்கள், பெண்களும்கூட. அவர்கள் தீபாவளிக்கு வெறுங்கையோடு வில்பட்டிக்கு நடந்திருப்பார்கள். மற்றவர் வழக்கில் நியாயம் சொல்லியே பழகிய வாய்க்குத் தன் வழக்கில் பேசத் தெரியவில்லை.

"சரிங்க" என்றேன். "மேஸ்திரி, பெரிய வீட்டுச் சாரத்தை அவுத்துக்கங்க. பின்னாடி சாரம் நிக்கட்டும்."

முதலாளி டீயைக் கீழே வைத்தார். "அது எதுக்கு? அதான் கணக்குத் தீந்திருச்சே."

"உங்களுக்கும் அவருக்கும் தீந்திருச்சுங்க ஐயா."

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கம்பும் கயிறும் என்னுதுதான மொதலாளி. அது கெடக்கட்டும், எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். "ஏலே, முன்பக்கத்தை மட்டும் அவுங்கடா!" என்று அவர் கத்தியது உள்ளே கேட்டது.

பால் காய்ச்சியாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் பின்பக்கம் வந்து அது என்ன என்று கேட்டபோது, வேலை நடக்கிறது என்று முதலாளி சொன்னதைக் கேட்டேன். சந்தைக்குப் போகிறவர்கள் மேட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை. ஊருக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். கூரை வருமா என்பதுதான் தெரியவில்லை. எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் அவிழ்க்கச் சொல்ல மனம் வரவில்லை.

போன வாரம் என் வீட்டுக்காரர் கடிதம் வந்தது. காம்பரா எந்த மட்டில் இருக்கிறது, டிக்கெட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். கூரையில்லாத அந்த நாலு சுவருக்குள் போய், கிழக்கு ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் உட்கார்ந்து பதில் எழுதினேன். பொய் எழுத எனக்கு வராது. 'சாரம் இன்னும் நிற்கிறது' என்று மட்டும் எழுதினேன். அங்கே அதைப் படித்துவிட்டு, வேலை நடக்கிறது என்று அவர் பெட்டியைத் துடைத்து வைப்பார்.