மெத்ரோவின் ஏரி

தம்பி மெத்ரோ போன பிறகு, கனடாவின் சஸ்காட்செவனில் இருந்த குடும்பத்தின் கோதுமை நிலத்தை அக்கா நெட்டிதான் உழுதாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தண்ணீருக்குப் பயந்து குட்டையில்கூடக் கால் வைக்காதவன் மெத்ரோ. இரண்டாம் உலகப் போரில் அவனைக் கடற்படையில் சேர்த்தார்கள். கப்பலோடு அட்லாண்டிக்கில் மூழ்கினான். உடல் கிடைக்கவில்லை.

பல வருடம் கழித்து, போரில் இறந்தவர்களின் நினைவாக, வடக்கே ஓர் ஏரிக்கு அரசாங்கம் அவன் பெயரை வைத்தது. அம்மா கொதித்துப்போனாள்.

"தண்ணியில செத்தவனுக்கு மறுபடியும் தண்ணியா? ஒரு மேடு கெடைக்கலையாடி அவங்களுக்கு?"

மிதவை வைத்த சின்ன விமானத்தில் நெட்டி மட்டும் போனாள். ஏரியைச் சுற்றிலும் காட்டுத்தீயில் கருகிய மரங்கள். தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்று பைலட்டைக் கேட்டாள்.

"யாருக்குங்க தெரியும்? ஒரு தடவ கயிறு விட்டுப் பாத்தோம், அடி தட்டல."

கல்லறையில் வைப்பதற்கென்று சுடும் ரொட்டியைக் கரைப் பாறையில் வைத்தாள். ஜெபம் பாதியில் நின்றுபோனது.

வீட்டில் அம்மா தூங்காமல் காத்திருந்தாள்.

"ரொம்ப ஆழமாடி?"

"இல்லம்மா, முழங்கால் அளவுதான். அடியில மணல் தெரியுது."

அன்றுதான் அம்மா அவன் பெயரைச் சொல்லி அழுதாள்.