காரணம் போதவில்லை

குடிநீர் அலுவலகத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் உட்காருகிறவளுக்குக் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் சிவப்பு மை. புதுக் குழாய் கேட்டு வரும் விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஜனங்கள் அதில் 'தண்ணீர் வேண்டும்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக வந்து நிற்பார்கள். தண்ணீர் வேண்டாம் என்றா குழாய்க்கு எழுதிப் போடுவார்கள்? அவள் ஒரு பெருமூச்சு விடுவாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் 'காரணம் போதவில்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

அப்படிப்பட்டவளிடமே ஒரு படிவத்தை நீட்டினார், அவள் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர். 'மொட்டைமாடியைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்த விண்ணப்பம்.' ஏழாவது கட்டம், காரணம்.

"மேல் வீட்டம்மா தினமும் என் உயிரை வாங்கறாங்க மேடம். உங்க வீட்டுச் செடித் தொட்டியால அவங்க கூரையெல்லாம் ஈரமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை கமிட்டி பார்க்கும். இல்லன்னா திங்கக்கிழமை ஆள் விட்டு எல்லாத்தையும் எடுத்துடுவோம்."

எடுத்துத் தொலையுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. மாடியில் இருந்தவை பத்தொன்பது தொட்டிகள். தொட்டி என்றால் பாதி அவள் வீட்டு வாளி. கத்தரி, தக்காளி, பீன்ஸ், வெள்ளரி எல்லாம் அவள் கணவரின் கைங்கரியம். வீட்டில் ஒரு நல்ல புடவையைத் தேடினால் அது நீள நீளமாகக் கிழிபட்டு பீன்ஸ் கொடியைக் கட்டிக்கொண்டிருக்கும். காய்த் தோலைக் குப்பையில் போட்டுவிட்டால் அரை மணி நேரம் பேச்சு. குளியலறை மூலையில் மூடி போட்ட டப்பாவில் ஏதோ மக்கிக்கொண்டிருந்தது. அதைத் திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை. வாரத்தில் நாலு நாள் கத்தரிக்காய். மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினால் அக்கம்பக்கத்தார் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்கள்.

ஆனாலும் எடுங்கள் என்று அவள் சொல்லவில்லை.

அவர் முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவர். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்தார். கால் திரும்ப வந்தது, பேச்சு வந்தது, வலது கை வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர் பந்தைத் தந்து அமுக்கச் சொன்னார். "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று கேட்டு அதை அலமாரிக்குள் போட்டார். அப்புறம் நாலு மாதம் ஜன்னலைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் எரிச்சலில், காய்ந்த துணியையாவது எடுத்து வாருங்கள் என்று அவரை மாடிக்கு விரட்டினாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், யாரோ வீசிய தக்காளி முளைத்திருந்ததாம். துணியை மறந்துவிட்டுச் சேதியோடு வந்தார். மறுநாள் தானாகவே ஏறினார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தப் பத்தொன்பது.

மூன்று மாதத்துக்கு முன், ஏன் இன்னும் சாப்பிட வரவில்லை என்று திட்டிக்கொண்டே அவள் மாடி ஏறினாள். கதவு இடுக்கில் பார்த்தால், வலது கையால் கத்தரிச் செடியின் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான். ஆனால் வலது கை. வீட்டில் தம்ளரைக்கூட இடது கையால்தான் எடுப்பார். அவள் மூச்சுக் காட்டாமல் இறங்கி வந்தாள். அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவையாவது அந்த இடுக்கில் போய் நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பொரு தடவை அவள் தம்பி, "அத்தான், விரல் அசையுதே" என்று வாய் தவறிச் சொன்னதற்கு, ஒரு வாரம் அந்தக் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்த மனிதர்.

ஆகவே ஏழாவது கட்டத்தில் உண்மையை எழுத வழியில்லை. கமிட்டி முடிந்ததும் செயலாளர் எல்லா விண்ணப்பத்தையும் படிக்கட்டுப் பக்கத்துப் பலகையில் வேறு ஒட்டி வைப்பார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு வியாதி. போகிற வருகிறவர்களெல்லாம் படிப்பார்கள். அவள் கணவரும் படிப்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் கவுன்ட்டரில் உட்கார்ந்தே எழுதினாள். மருந்து அடிக்காத காய். பறித்தவுடன் சமைக்கலாம். குப்பை குறைகிறது. மேல்தளத்துச் சூடு தணிகிறது. செலவு மிச்சம் என்றும் எழுதினாள், மண் மூட்டை வாங்கிய கதை தெரிந்திருந்தும். எழுதி முடித்து ஒரு தடவை படித்தாள். கையில் சிவப்புப் பேனா. பழக்கம் சும்மா விடுமா? மருந்து அடிக்காத காய்க்குப் பக்கத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினாள். செலவு மிச்சம் என்பதைச் சுழித்தாள். கீழே 'காரணம் போதவில்லை' என்று போட்டுச் சின்னக் கையெழுத்தும் வைத்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, செயலாளர் உபரியாகத் தந்திருந்த படிவத்தில் சுத்தமாக மறுபடி எழுதினாள். சாயங்காலம் அவசரத்தில் செயலாளர் கையில் கொடுத்தது எதை என்பதை ஞாயிற்றுக்கிழமை வரை அவள் பார்க்கவில்லை.

கமிட்டி வண்டி நிறுத்துமிடத்தில் கூடியது. ஏழு பிளாஸ்டிக் நாற்காலி. செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"மருந்து அடிக்காத காய். பக்கத்துல ஆதாரம்னு ஒரு கேள்விக்குறி. நான் எழுதலப்பா. செலவு மிச்சம், அதைச் சுழிச்சிருக்கு. கடைசியில 'காரணம் போதவில்லை'ன்னு போட்டு கையெழுத்து." காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "மேடம், நீங்களே தள்ளுபடி பண்ணிட்டீங்க. இதுக்கு மேல நாங்க என்ன பண்றது?"

ஏழு பேரும் சிரித்தார்கள். அவள் கைப்பையைத் துழாவி நல்ல பிரதியை எடுத்து நீட்டினாள். யாரும் வாங்கவில்லை.

"நல்லா எழுதினா மட்டும் என் கூரை காய்ஞ்சிடுமா?" என்றாள் மேல் வீட்டுக்காரி. "மார்க்கெட்ல கிடைக்காத காயா? நாலு கத்தரிக்காய்க்கு இவ்வளவு அமர்க்களம்."

"சரி, நாளைக்கு ஆளை வரச் சொல்லிடறேன்," என்றார் செயலாளர்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் முன் யோசனை பின் யோசனை எல்லாம் போயிற்று.

"கத்தரிக்காய் யாருக்கு சார் வேணும்? எனக்கு அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. அவர் வலது கை அங்க மட்டும்தான் வேலை செய்யுது. வீட்டுல செய்யல, ஆஸ்பத்திரியில செய்யல. அந்தச் செடிகிட்ட மட்டும்தான் செய்யுது. அதை எடுத்துட்டீங்கன்னா மறுபடி சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துடுவார். என்னால அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது. இதுதான் காரணம். போதுமா?"

எல்லோரும் அவளைத் தாண்டிப் பார்த்தார்கள். திரும்பினால், படிக்கட்டின் கடைசிப் படியில் அவர் நின்றிருந்தார். இடது கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய், கமிட்டிக்குக் கொடுத்துச் சமாதானம் பண்ண. பையைப் படியில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

அனுமதி கிடைத்துவிட்டது. அடியில் பலகை போட்டு, மேல் வீட்டுக் கூரையை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளலாமாம். செயலாளரே கையைப் பிசைந்துகொண்டு வந்து சொன்னார். என்ன பிரயோசனம்? தொட்டிகள் இருந்தன, ஆள் போகவில்லை. திங்கள், செவ்வாய், புதன் போயின. கை துண்டுக்குள். இந்த மனிதரைப் பெற்றவர்கள் எதைத் தின்று பெற்றார்களோ என்று அவள் சமையலறையிலிருந்து அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

புதன் இரவுக் காற்றில் பீன்ஸ் பந்தல் சாய்ந்தது. வியாழக்கிழமை காலையில் அவளே வாளியோடு ஏறினாள். தெரிந்த வரையில் கொடியைத் தூக்கி நிறுத்தி, கம்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"எந்தச் செடிக்கு எவ்வளவு ஊத்தின?" நாலு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"எல்லாத்துக்கும் ஒவ்வொரு வாளி."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் படியேறினார். அவள் பின்னாலேயே போனாள்.

கத்தரித் தொட்டிகள் குளமாக நின்றன. அவர் அதைத் தாண்டிப் பீன்ஸிடம் போனார். "இது என்ன கட்டு?"

"ஃபைல் கட்டுற கட்டு. எனக்கு வேற தெரியாது."

"கழுத்தை நெரிச்சு வெச்சிருக்க." இடது கையால் முடிச்சைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது. ஒரு கைக்கு மசியும் முடிச்சு இல்லை அது. அவர் அவளைப் பார்த்தார். "நீ கீழ போ."

"மாட்டேன். மூணு மாசமா அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தாச்சு. எனக்குக் கால் வலிக்குது." ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவர் வாய்க்குள் ஏதோ திட்டினார். அவளையா கையையா தெரியவில்லை. துண்டு தோளிலிருந்து நழுவியது. வலது கை வந்து முடிச்சின் மேல் உட்கார்ந்தது, விரல்கள் நடுங்கின, நகம் வழுக்கியது, மறுபடி பிடித்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. முடிச்சில் ஒரு இழை மட்டும் தளர்ந்து வெளியே வந்தது.

"சும்மா உட்கார்ந்து பார்க்கறதுக்கு," என்றார் அவர், தலையைத் தூக்காமல், "அந்த நுனியைப் பிடி."