மூட்டைகளுக்கு நடுவே பாட்டு

எங்கள் வீட்டு ஹாலில் சோபாவைவிட ஏலக்காய் மூட்டைக்குத்தான் மரியாதை அதிகம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன் வீடு அப்படித்தான் இருக்கும். விலை ஏறட்டும் என்று சுவரோரம் கூரை முட்ட அடுக்கி வைத்திருப்பேன். மதுரையில் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து மனைவி வீட்டுக்கு வந்ததும், அந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டினேன். வெளியே போக அவளுக்குத் தெம்பில்லை. இருந்த ஒரே ஆசை பாட்டுதான், அதையாவது நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாளே, "பாட்டு என்னமோ போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முன்னால் இருந்த ஸ்பீக்கர்களைச் சுவரைவிட்டு நகர்த்தி, அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். ஊஃபரை மூலையிலிருந்து இழுத்தேன். சினிமாவுக்கென்று வைத்திருந்த செட்டிங்கை மாற்றி, பின்பக்க ஸ்பீக்கர்களை நிறுத்தினேன். எனக்கு அருமையாகக் கேட்டது. அவள் சும்மா தலையை ஆட்டினாள்.

கடைசியில் பழியை மூட்டை மேல் போட்டேன். சாக்கு சத்தத்தைக் குடிக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம். விலை படுத்துக் கிடந்த நேரத்தில் அத்தனையையும் ஏலத்துக்கு அனுப்பினேன். உனக்கென்ன கிறுக்கா என்று கடைவீதியே கேட்டது. காலி ஹாலில் பாட்டு சுவருக்குச் சுவர் முட்டி எதிரொலித்தது, எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவளோ, இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது என்று சிரித்தாள். கடைக்குப் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து மத்தியானம் சாப்பிட வந்தேன். மலைப் பக்கம் நல்ல மழை, எங்கள் தெருவில் கரண்ட் போயிருந்தது. ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரியவில்லை, ஹாலில் சத்தமே இல்லை. அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியின் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைந்ததில், அவள் தினமும் கேட்கும் பாட்டு என்று தெரிந்தது. நடுவில் வாத்தியம் வரும் இடத்தில் வாயை மூடிக் காத்திருந்தாள், பிறகு அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டாள்.

மருந்து காதைப் பாதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த நேரத்தில் அதை யார் காதில் வாங்கினோம்? முகத்தைப் பார்த்துப் பேசுங்க என்று அவள் சொல்லும்போதெல்லாம் கொஞ்சல் என்றுதான் நினைத்திருந்தேன். கூப்பிட மனம் வராமல், பாட்டு முடியும்வரை வாசற்படியிலேயே நின்றேன்.

கண் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "செட்டு ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

ஆமாம் என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

நோய் திரும்பி வந்தது. அவள் போய்விட்டாள். ஹாலில் மறுபடியும் மூட்டைகள் ஏறிவிட்டன. சாக்கு எதிரொலியை அடக்கிவிடுவதால், பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. இத்தனை சுத்தமாகக் கேட்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று ஆத்திரமாக வருகிறது. நேற்று அவளுடைய அந்தப் பாட்டைப் போட்டேன். பாதியில் கரண்ட் போனது. விட்ட இடத்திலிருந்து நானே பாடிப் பார்த்தேன். அடுத்த அடி எனக்குத் தெரியவில்லை.