துண்டோடு கோட்டுக்குள் போன நாள்

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகும் ரோட்டில் என் தோட்டம். அதற்குள் கூரை போட்ட கபடி மைதானம் இருக்கிறது. மேட் விரித்து, பகல் மாதிரி விளக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மழை கொட்டினாலும் ஆட்டம் நிற்காது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தனி ஆளாக இப்படி ஒன்றைக் கட்டியவன் நான் மட்டும்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் கூலிக்கு ஏறி, சொந்தமாக ரிக் லாரிகளை ஓட்டியவன். ராஜஸ்தான் பாறைக்குள்ளேயே தண்ணீர் எடுத்தவனுக்கு மைதானம் கட்டுவது ஒரு காரியமா?

கட்டியது என் மகளுக்காக. சேலம் தாண்டி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவள் விளையாட்டு மேலாண்மையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், அது என்ன படிப்பு என்று கேட்பார்கள். "ஏனுங்க, வெளையாடறதுக்கு எதுக்குங்க மேனேஜரு? விசில் அடிச்சா ஆட்டம், இன்னொருக்கா அடிச்சா ஊட்டுக்குப் போயிர்லாம்" என்றார் பண்ணைக்காரர் ஒருவர்.

"உங்க கோழிப்பண்ணைக்கு மேனேஜர் போட்டிருக்கறீங்களே, கோழியா வந்து கேட்டுச்சு?" என்றேன். இலையில் கை வைத்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் பேச ஆள் வேண்டுமே. அவள் அம்மா போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் நான் மட்டும். சமையல்கார அம்மாள் பொழுது சாய்வதற்குள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மகள் இருந்தது காரில் ஒன்றரை மணி நேரத் தூரம்தான். இருந்தும் விடியற்காலைப் பயிற்சி, பகலெல்லாம் வகுப்பு என்று ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். சாயங்காலம் போன் வரும்.

"இன்னைக்கு என்ன பாடம், அம்மிணி?"

"ஸ்டேடியத்துல இருந்து கூட்டத்த எப்படி வெளிய அனுப்பறதுன்னுப்பா."

"வந்த வழியாப் போவாங்க. இதுக்கொரு பாடமா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல வந்த வழியாப் போனாத்தானுங்கப்பா மிதிபடறாங்க."

அடிபட்ட ஆட்டக்காரனை மறுபடி எப்போது இறக்கலாம், விளம்பரம் தருகிறவனிடம் என்னென்ன எழுதி வாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லுவாள். புரிந்ததைக்கூட இன்னொரு தடவை சொல்லச் சொல்லுவேன். பேச்சு கொஞ்சம் நீளுமே.

படிப்பு முடிந்ததும் அவள் வந்து மைதானத்தை நடத்துவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கென்று அறை கட்டி ஏசியும் மாட்டிவிட்டேன். ஆனால், வருகிறாயா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவளும் சொல்லவில்லை.

கடைசிப் பருவத்தில் மாணவர்களே ஒரு கபடிப் போட்டியைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திக் காட்ட வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண். பல கல்லூரி அணிகள் வந்த அந்தப் போட்டிக்கு என் மகள்தான் தலைமைப் பொறுப்பு.

"வாங்கப்பா. ஆனா சும்மா உக்காந்து பாக்கோணும்" என்றாள்.

மைதானத்தை நடத்த வருகிறாயா என்று அன்றைக்கு நேரிலேயே கேட்டுவிடுவது என முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். ரிக் காலத்திலிருந்து எனக்கு வண்டி ஓட்டுகிறவர், நான் டிக்கியில் வைத்த துண்டுக் கட்டைப் பார்த்தார்.

"எதுக்குங்க இத்தன துண்டு? காலேஜு வாசல்ல கடை போடறமா?"

எதற்கென்று அவருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துக் கபடியில் ஒருவன் அசாத்தியமாக ஆடிவிட்டால், ஊர்ப் பெரிய மனிதர் எழுந்து கோட்டுக்குள்ளேயே போய் அவன் தோளில் துண்டு போடுவார். நடுவர் ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பார். மைக்கில் பெயர் சொல்லுவார்கள். நான் நாற்காலியில் கொஞ்சம் அசைந்தாலே ஆட்டக்காரர்கள் மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி எத்தனையோ ஊரில் துண்டு போட்டவன் நான்.

கடைசி ஆட்டம். முடியப் போகும் நேரம். ஒல்லியான பையன் ஒருவன் 'கபடி கபடி' என்று எதிரணிக்குள் பாடிப் போனான். மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். மூவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். என் உடம்பே சிலிர்த்துவிட்டது. துண்டை உதறிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நடுவர் காத்திருக்கவில்லை. எதிரணிக்காரன் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டான். அவன் பாடி வரும் வழியில் நான் துண்டோடு நிற்கிறேன். அவன் திகைத்துப் பாட்டை விட்டுவிட்டான்.

"யாருய்யா அது? மேட்ல செருப்போட!" என்று நடுவர் கத்தினார். பாட்டு விட்டவன் அவுட் என்று ஒரு அணி, அது எப்படி என்று இன்னொரு அணி. கூட்டம் எழுந்து நின்றது.

என் மகள் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் வாக்கி டாக்கி. ஓடவில்லை, நடந்துதான் வந்தாள்.

"ஐயா, கோட்ட விட்டு வெளிய வாங்க."

முகத்தில் ஒன்றுமில்லை. யாரோ ஒரு பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். நான் வெளியே வந்தேன். அவள் இரண்டு பயிற்சியாளர்களையும் நடுவரிடம் அழைத்துப் போய், பார்வையாளர் உள்ளே வந்தது நிர்வாகத்தின் தவறு என்று சொன்னாள். நடுவர் அந்தப் பாட்டை மறுபடி ஆடச் சொன்னார். சத்தம் அடங்கியது. என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர் அந்தத் துறைப் பேராசிரியர். மார்க் போடுகிறவர் அவர்தான். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"நீங்க உள்ள போனதுல கொஞ்சம் மார்க் போச்சு பெரியவரே. ஆனா அந்தப் பொண்ணு சமாளிச்சா பாத்தீங்களா? இத நான் வகுப்புல சொல்லித் தரல" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "வடக்க ஒரு கபடி அணி அவள வேலைக்குக் கூப்பிட்டிருக்கு. வருஷம் பூரா அணியோட ஊர் ஊராப் போகணும். நாளைக்குள்ள பதில் சொல்லணும். வீட்ல அப்பா ஒண்டியா இருக்காராம். அந்த யோசனையிலயே இருக்கா."

டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம்கூட என் மகள் என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். அன்றைக்கு, "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னேன்.

கோப்பை கொடுத்து முடித்ததும் அவள் என்னைத் தேடி வந்தாள்.

"கோவமாப்பா? அப்பான்னு கூப்பிட்டிருந்தா, சொந்தக்காரர உள்ள உட்டுட்டான்னு சொல்லியிருப்பாங்க."

"சரியாத்தான் சாமி செஞ்ச."

"அப்பா, ஒண்ணு சொல்லோணும்..."

"நான் ஒண்ணு சொல்லீர்றேன். நம்ம மைதானத்துக்கு மேனேஜர் போட்டாச்சு."

என்னையே பார்த்தாள். "யாருங்கப்பா?"

"நல்ல ஆளு. அனுபவம் உள்ளவரு. நீ வடக்க போறதுக்கு முன்ன ஸ்வெட்டர் வாங்கிக்கோ. அங்க குளுரு எலும்புல ஏறும். நான் இருந்து பாத்தவன்."

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"எனக்குத் தெரியாத சேதி இந்த ஜில்லாவுல ஏது?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்தாள். அதற்குள் வாக்கி டாக்கியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

நாங்கள் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்த டிரைவர் வண்டியைச் சேலத்துக்குள் விட்டார். பிறகு, "யாருங்க அந்த மேனேஜரு?" என்றார்.

"நீதான்."

"எனக்குக் கபடியில ஒரு மண்ணும் தெரியாதுங்களே!"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

இப்போது மைதானத்துக்குப் பையன்கள் வருகிறார்கள். ஆடுகிறார்கள், விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்கள். மகள் வாரம் ஒரு முறை, வேறு வேறு ஊரிலிருந்து பேசுகிறாள். அவள் அணி ஆடும் நாளில் டிவி முன்னால் உட்காருகிறேன். அணி ஜெயிக்கிறதா என்று டிரைவர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் அவள் நிற்பாளாம். கேமராக்காரன் எந்நேரமும் பாடிப் போகிறவன் பின்னாலேயே ஓடுகிறான். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறான்.