கரையிலிருந்து வந்த ஹாரன்

மலையடிவாரத்தில் ஆற்றில் படகை இறக்கிக் கடல் வரைக்கும் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டு வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இப்போது ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்கிக் குடிக்கத் தெம்பில்லை. விரல்கள் துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றுவிட்டன. உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. தோள்பட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டாக்டர் வந்து பார்த்து, கையை அசைக்காமல் படுத்துக் கிடக்கச் சொன்னார். கை படுத்துக்கொண்டது. வாய் படுக்குமா?

கடைத்தெருச் சங்கத்தார் அவருக்கு விழா எடுப்பதாக இருந்தார்கள். 'தன்னந்தனியாக ஆற்றை வென்றவர்' என்று பேனர்கூட அடித்தாகிவிட்டது. வருகிறவர் போகிறவரெல்லாம் கதை கேட்க, மனுஷர் சளைக்காமல் சொன்னார். அதில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது ஹாரன் கிறுக்கன் கதைக்குத்தான்.

"நிம்மதியா இருக்கலாம்னு ஆத்துக்குப் போனா, கரையோரமா ஒரு கிறுக்கன் வண்டியில வந்துக்கிட்டே இருக்கான். தண்ணி தெறிக்குதுன்னு கண்ணாடியக் கழட்டிப் பையில வச்சிட்டேன், அதனால மூஞ்சி தெரியல. ஒருநாள் பாருங்க, விடாம ஹாரன் அடிக்கிறான். பாம்... பாம்பாம். எனக்கு வந்துச்சே கோவம். படகக் கரையில ஒதுக்கி, ஒரு கல்ல எடுத்து வீசினேன். ஆளு தலையப் பிடிச்சிக்கிட்டு ஓடிட்டான். அப்புறம் கண்ணாடியப் போட்டுப் பாத்தா, கொஞ்ச தூரத்துல ஒடஞ்ச தடுப்பணை. அப்படியே போயிருந்தா எலும்புகூட மிஞ்சியிருக்காது. எல்லாம் என் அதிர்ஷ்டம்."

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர் தன் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆற்றில் போயிருக்கிறார். இதை வெளியில் சொல்லவே கூச்சப்பட வேண்டும். இவரோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டிலோரம் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காதவன். அரைவேக்காடு என்று அவனுக்குப் பெயர் வைத்தவரே மாமாதான். அந்தப் பெயர் கடைத்தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. மூக்கெல்லாம் வெயிலில் தோலுரிந்து, இடது புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நின்றவனிடம், என்னடா இது என்று முதல் நாளே கேட்டார்.

"கதவுல இடிச்சிக்கிட்டேன் மாமா."

"நடக்கக்கூடத் தெரியல. இதுல ஊர் சுத்தல் வேற."

ஹாரன் கதை வரும்போதெல்லாம் அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஒரு மத்தியானம், மெக்கானிக், இரவல் கொடுத்திருந்த தன் பழைய வண்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்தார். ஜன்னலுக்கு வெளியே, கடைக்காரரின் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, வண்டியைக் கிளப்பி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு அமுக்கு அமுக்கினார்.

பாம்... பாம்பாம்.

கட்டிலில் கிடந்தவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அக்கா, இந்த ஹாரனைக் கழட்டிடவா? ஆத்துக்கு நடுவுல கேக்கணும்னு சொன்னீங்களேன்னு லாரி ஹாரனா மாட்டினேன். தெருவுல அடிச்சா ஆளுங்க பயந்து விழுந்துருவாங்க."

"மெதுவாப் பேசுங்க. அவரு காதுல விழுந்திடப் போகுது."

விழுந்துவிட்டது.

வழியில் கேட்காமலே தேநீர் கொடுத்த படகுத்துறைக்காரர், இரவில் ஒதுங்கிய இடத்திலெல்லாம் தயாராகக் கிடந்த காய்ந்த விறகு. எல்லாம் தன் முகராசி என்று நினைத்திருந்தார் அவர். இப்போது அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மனைவியை உள்ளே கூப்பிட்டார். அவள் மறைக்கவில்லை.

"தனியாப் போகணும்னு ஆசப்பட்டீங்க, தடுக்க மனசு வரல. தனியா விட்டுட்டுத் தூங்கவும் முடியல. தம்பிகிட்ட ஒரு வார்த்ததான் சொன்னேன், மறுபேச்சு பேசாமக் கெளம்பிட்டான். உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டான்."

"அந்தப் புருவம்..."

"கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்ங்க."

கண்ணையே தொழிலாக வைத்துப் பிழைக்கிற மனுஷருக்கு இதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்? வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்றால் தோள் விடவில்லை.

மச்சினன் கஞ்சியோடு வந்தான். "வாயத் தொறங்க மாமா." திறந்தார். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கஞ்சியையே பார்த்துக்கொண்டு விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சங்கத்தலைவர் நாலு பேரோடு வந்து நின்றார். கூட வந்தவர்களுக்கு அந்தக் கதையைக் கேட்க வேண்டுமாம்.

"அந்தக் கிறுக்கன் கதையச் சொல்லுங்க. ஹாரன் அடிச்சுக் காட்டுங்க."

எல்லாரும் இப்போதே சிரிக்கத் தயாராக நின்றார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மச்சினனைக் கண்ணால் காட்டினார்.

"அவன் கிறுக்கன் இல்ல. இவன்தான் அது, என் மச்சினன். வழி நெடுக எனக்குக் காவலா வந்திருக்கான். அன்னைக்கு இவன் ஹாரன் அடிக்கலேன்னா இன்னைக்கு நான் இல்ல. நான் தனியா வரல. பேனரை எடுத்திடுங்க."

ஐந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். தலைவருக்குப் புரையேறிவிட்டது.

"நம்ம அரைவேக்காடா? பாவம், அவனையும் கதையில இழுத்துட்டீங்களே. உப்பு வாங்கிட்டு வான்னு அனுப்பினா சீனியோட வந்து நிப்பான்னு நீங்கதான சொல்வீங்க."

"சத்தியமாச் சொல்றேன், இவன்தான்."

அவர் அழுத்திச் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. அத்தனை வருஷமாக அவர் சொன்ன ஒவ்வொரு கிண்டலையும் கடைத்தெரு பத்திரமாக வைத்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் இன்னொருவனையும் சேர்த்துக் கெடுத்துவைத்திருந்தது. மச்சினனும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை.

"மாமா கண்ணுல தூசி விழுந்திருச்சு" என்று வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, மச்சினன் தன் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்துவிட்டான்.