என்னிடம் நடந்த மாஸ்டர்ஸ் இண்டர்வியூ

போன வியாழக்கிழமை கொஞ்ச நேரம் நான் பேராசிரியராக இருந்தேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவன் எப்படிப் பேராசிரியர் ஆனேன் என்கிறீர்களா? சொல்கிறேன்.

மகள் தர்ஷினிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று இங்கே, எங்கள் ஊர்ப்பக்கம் கெலுகோரில். இன்னொன்று கோலாலம்பூர் பக்கம். இரண்டிலும் எலக்ட்ரானிக்ஸ்தான். எங்கே நல்ல இண்டர்ன்ஷிப் கிடைக்கும்? எங்கே படித்தால் பிறகு மாஸ்டர்ஸ் போகச் சுலபம்? வீட்டில் சோறு தின்னும்போதும் இதே பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கோ வேறு கவலை. கூச்சத்தில் இவள் என்னை உரித்து வைத்திருப்பவள். கடையில் டீ கேட்டு காப்பி வந்தால், பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டு வருவாள். வாய் திறக்காத பிள்ளையை இண்டர்ன்ஷிப்பில் யார் கவனிப்பார்கள்? ஆராய்ச்சிக்கு யார் கூப்பிடுவார்கள்?

"நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்கலா. பெரிய இடம், அந்தப் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்குங்க" என்றார் மனைவி.

வியாழக்கிழமை என்றால் அரசாங்க ஊழியர்கள், பேராசிரியர்கள் எல்லாருமே பாத்தேக்கில்தான் வருவார்கள். அது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

கெலுகோரில் தர்ஷினி கவுண்டருக்குப் போனாள். நான் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஃபைலை அணைத்தபடி ஒரு பெண்.

"சார் தமிழ்தானே? மாஸ்டர்ஸ் இண்டர்வியூ எடுக்க வெளியிலேர்ந்து வந்திருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்... வார்த்தை வரவில்லை. கூச்சக்காரன் மௌனமும் பேராசிரியர் மௌனமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும் போலிருக்கிறது! அவள் கொட்டத் தொடங்கிவிட்டாள்.

"பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில இண்டர்ன்ஷிப் செஞ்சேன் சார். அங்க ஒரு மெஷின் அடிக்கடி சூடாகி நின்னுரும். ஏன்னு பார்க்கத்தான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுத்தேன். இன்னும் முழுசா புரியல. அதான் மாஸ்டர்ஸ்."

தலையாட்டினேன். என்னை மீறி ஒரு கேள்வி வந்துவிட்டது.

"தெரியாததைக் கேட்டா இங்க சிரிப்பாங்களாம்மா?"

"ஐயோ சார்! ஃபர்ஸ்ட் இயர்ல நான் வாயே திறக்க மாட்டேன். எங்க லெக்சரர் லேப்ல ஒரு ரூல் வச்சிருக்காரு. வெளிய போறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு கேள்வி கேக்கணும். கேக்கலன்னா லேப்பைக் கூட்டணும். ஒரு செமஸ்டர் முழுக்க நான்தான் சார் கூட்டினேன்!"

"அப்புறம்?"

"இடுப்பு வலி தாங்கல சார். கேக்க ஆரம்பிச்சிட்டேன்."

சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து தர்ஷினி வந்தாள். "ப்பா, இந்தப் புத்தகத்தைக் கொடுத்தாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"ப்பாவா?" அந்தப் பெண் எழுந்தே விட்டாள்.

"நான் சார் இல்லம்மா. ஃபேக்டரி பஸ் ஓட்டுறேன்."

"அங்கிள்! முழு இண்டர்வியூவும் உங்ககிட்ட சொல்லிட்டேனே!"

"நல்லாத்தான் சொன்னே. பாஸ்லா!"

அவள் சிரித்த சிரிப்பில் கவுண்டரில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தர்ஷினியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "கேளு தங்கச்சி. கேக்கலன்னா இந்த வராந்தாவை நீதான் கூட்டணும்!"

தர்ஷினி கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு மெல்ல... "இண்டர்ன்ஷிப்புக்குக் கம்பெனியை நாமளே தேடணுமாக்கா?"

அவ்வளவுதான். அடுத்தது, அதற்கடுத்தது — அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடும்வரை நிற்கவில்லை.

காரில் ஏறியதும் தர்ஷினி போனை எடுத்து, கெலுகோருக்குச் சம்மதம் என்று அழுத்தினாள். எந்தக் கட்டடம் பெரிது, எந்தக் கம்பெனி பெரிது என்றெல்லாம் வீட்டில் ஒப்பிட்டிருந்தோம். நம் பிள்ளை எங்கே வாய் திறப்பாள் என்று பார்க்கத் தோன்றியதா?

மாலையில் கோலாலம்பூர்க்காரர்கள் அழைத்தார்கள். தர்ஷினியே பேசினாள். வேறு இடம் எடுத்துவிட்டதாகப் பணிவாகச் சொன்னாள். ஆனால் போனை வைக்கவில்லை.

"டிகிரி முடிச்சிட்டு மாஸ்டர்ஸுக்கு அங்க வந்தா, ஸ்காலர்ஷிப் உண்டா?"

மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டில் கூச்சப்பட இனி நான் ஒருவன்தான் மிச்சம்!